சனிக்கிழமைக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை எழுதிய கடிதத்தின் சாரம்:

"எங்கள் குழு, கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து குடும்பங்களில் பாதுகாக்கப்பட்டு வரும் கையெழுத்து நோட்டுகளைப் படியெடுத்து வருகிறது. கோயில் திருவிழாப் பாட்டு, பஜனைப் பாட்டு, தெருக்கூத்து வசனம் எல்லாம் அவற்றில் உண்டு. சாட்ஸ்வர்த், டோங்காட், ஸ்டாங்கர் பகுதிகளில் சிலர், மொரிஷியஸில் இருவர், சென்னையில் மூவர் சேர்ந்து வேலை செய்கிறோம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காணொளிக் கூட்டம். சென்னைக்காரர்களும் ஃபைபர் இணைப்பு உள்ள நாங்களும் தவறாமல் வருகிறோம். டோங்காட், ஸ்டாங்கர் என்னும் வடகடற்கரைப் பக்கத்தவர்கள் வருவதில்லை. வந்தாலும் பத்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறார்கள். பழைய கையெழுத்தை எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படிக்கத் தெரிந்த வயதான ஓர் ஆயா (பாட்டி) ஸ்டாங்கர் அருகே இருக்கிறார். அவரும் வருவதை நிறுத்திவிட்டார். ஆர்வம் இல்லாதவர்களை நீக்கிவிட்டு, இருப்பவர்களை வைத்து வேலையை முடிக்கலாம் என்கிறார்கள் சென்னை நண்பர்கள். எந்தச் செயலிக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீரும்? இவர்களை நீக்குவது சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவரையும் நீக்காதீர்கள். அந்த ஆயாவை நீக்கினால் உங்கள் குழுவில் எல்லோருக்கும் வேகமான இணைப்பு இருக்கும். நோட்டைப் படிக்கத்தான் ஆள் இருக்காது.

பள்ளிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் இணைய இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆர்வமில்லாதவர்கள் என்று குழுக்கள் ஒதுக்கி வைத்த பலரோடு நான் தனியாகப் பேசியிருக்கிறேன். பெரும்பாலும் டேட்டா தீர்ந்துபோன கதைதான் வெளியே வரும். அதை அவர்கள் கூட்டத்தில் சொல்வதில்லை. பத்துப் பேர் நடுவில், வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "என்னிடம் ஏர்டைம் இல்லை, கைப்பேசியில் பணம் தீர்ந்துவிட்டது" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வீட்டில் வேலை இருந்தது, சிக்னல் இல்லை என்று ஏதாவது சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். நாம் அதை அசட்டை என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். இந்த அநியாயம் எனக்கு மிகவும் வலிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம், படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை டேட்டாவை எடுத்துக்கொள்ளும். பலருடைய முகமும் திரையில் தெரிய வேண்டும் என்றால் செலவு இன்னும் ஏறும். நடுத்தரமாக ஒரு ஜிபி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு நான்கு ஜிபி. தென்னாப்பிரிக்காவின் இரண்டு பெரிய கைப்பேசி நிறுவனங்களிலும் முப்பது நாள் செல்லுபடியாகும் ஒரு ஜிபியின் விலை 2020 ஏப்ரல் வரை 149 ராண்ட். சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையத்தின் நெருக்குதலுக்குப் பிறகு 99 ராண்டாக இறங்கியது. அந்த ஆண்டு சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.76 ராண்ட். அதாவது விலை இறங்கிய பிறகும், உங்கள் ஒரு மணி நேரக் கூட்டத்தில் உட்கார ஒரு தொழிலாளி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். அதன் பின்னர் விலை இன்னும் சற்றுக் குறைந்திருக்கிறது, ஊதியமும் ஏறியிருக்கிறது. ஆனால் ஆயாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை 2024இல் மாதம் 2,200 ராண்டுக்கும் சற்றுக் குறைவு. அரிசி, மின்சாரம், மருந்து, பல வீடுகளில் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதற்குள்தான். அதிலிருந்து நான்கு ஜிபி வாங்கி நம்மோடு சேர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

உங்களுக்கு அதே கூட்டம் என்ன செலவு வைக்கிறது? ஒன்றுமில்லை. ஃபைபருக்கு மாதக் கட்டணம் கட்டியாகிவிட்டது. கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒரே தொகைதான். போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட டேட்டா சந்தை அறிக்கை சுட்டிக்காட்டிய பெரிய குறையும் இதுவே: சிறிய பண்டில் (டேட்டாப் பொதி) வாங்குகிறவர் ஒவ்வொரு எம்பிக்கும் அதிக விலை கொடுக்கிறார். மொத்தமாகப் பணம் கட்ட வசதி இல்லாதவர்தான் சில்லறையாக வாங்குகிறார். ஆக, குறைவாக வைத்திருப்பவர் அதிகமாகக் கொடுக்கிறார்.

இந்த ஃபைபர் எங்கே முதலில் வந்தது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வீடுதோறும் ஃபைபர் இழுக்கும் வேலை 2014இல் ஜோகனஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்ட் பகுதியில் தொடங்கியது. நிறவெறிக் காலத்தில் வெள்ளையர்க்கு ஒதுக்கப்பட்டிருந்த பகுதி அது. பணம் இருக்கும் தெருவைத் தேடித்தான் கம்பி போகும். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் யாரை எந்தத் தெருவில் குடியமர்த்தியது என்பது அந்தக் கம்பியின் பாதையில் இன்றும் தெரிகிறது. அந்தச் சட்டத்தால் 1960களில் உருவாக்கப்பட்ட உங்கள் சாட்ஸ்வர்த்துக்கு ஃபைபர் பின்னால்தான் வந்தது. கரும்புக்காட்டு ஓரத்து வீடுகளுக்கு எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்?

சென்னை நண்பர்களைக் கடிந்துகொள்ள நான் விரும்பவில்லை. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு டேட்டா விலை சரிந்துவிட்டது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி தரும் திட்டங்கள் அங்கே சாதாரணம். அந்தச் சூழலில் வாழ்கிறவருக்கு, 'டேட்டா இல்லாததால் வரவில்லை' என்ற எண்ணமே தோன்றாது. அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ராண்டில் சொல்லாமல் உழைப்பு மணி நேரத்தில் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

மின்சாரம் வேறு. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் மறுபடி மின்னேற்றம் பெற நேரம் கிடைக்காமல் கோபுரங்களே அணைந்தன. பேட்டரித் திருட்டும் சேர்ந்துகொண்டது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நிலைமை பெரிதும் மேம்பட்டது உண்மைதான். ஆனால் சுமை தாங்காத பகுதிகளில் காலையும் மாலையும் சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவது தொடர்ந்தது. உங்கள் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. அந்த வீடுகளில் அப்போது மின்சாரம் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2002இல் செயல்பாட்டுக்கு வந்த சேஃப் என்னும் கடலடிக் கம்பி, கேப் டவுன் அருகே மெல்க்போஸ்ட்ராண்டில் தொடங்கி, உங்கள் ஊருக்கு வடக்கே ம்டுன்சினியைத் தொட்டு, ரீயூனியன், மொரிஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் அங்கிருந்து பினாங்குக்கும் போகிறது. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கடல் கடந்த பாதைகளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்களையும், மொரிஷியஸ் போனவர்களின் வழித்தோன்றல்களையும், மலாயா போனவர்களின் வழித்தோன்றல்களையும் அந்த ஒரே கம்பி கடலுக்கடியில் இணைக்கிறது. பெருங்கடலைத் தாண்ட வழி கிடைத்துவிட்டது. கரையிலிருந்து ஆயாவின் வீட்டுக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர்தான் கடக்க முடியாததாக இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. எந்தச் செயலிக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் வராது. படத்தை நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் என்றால் டேட்டா பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். இது எந்தச் செயலியிலும் உண்டு. மாற வேண்டியது உங்கள் வேலையில் கூட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் இடம். இப்போது உங்கள் முடிவுகள் எல்லாம் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. எந்த நோட்டை அடுத்து எடுப்பது, சந்தேகமான சொல்லை எப்படிப் படிப்பது, யார் பெயர் எங்கே வரும் என்பதெல்லாம் சனிக்கிழமை ஆறு மணிக்குள் முடிந்துவிடுகிறது. வராதவருக்குத் தகவல் மட்டும் போய்ச் சேருகிறது. பந்தியில் முதல் வரிசைக்கு இரண்டாம் முறை சோறு வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு மிச்சத்தைக் காட்டுவது போன்றது இது. சில வாரங்கள் இப்படி நடந்தால் தன்மானம் உள்ள எவரும் வருவதை நிறுத்திவிடுவார்.

ஆகவே முடிவுகளைக் கூட்டத்திலிருந்து எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்து எவ்வளவு இலேசானது என்று பெரும்பாலானோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கும். இரண்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு பக்கம் ஆறு கேபி. ஒரே ஒரு காணொளிக் கூட்டத்துக்கான டேட்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அனுப்பலாம். உங்கள் குழு வாழ்நாள் முழுதும் படியெடுத்தாலும் அவ்வளவு பக்கம் வராது.

ஒவ்வொரு கேள்வியையும் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். ஒரு வாரம் பேசாதவரைச் சம்மதித்தவராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். முடிவுகளை வாட்ஸ்அப் செய்தியில் வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். கூட்டத்தின் பதிவை "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று அனுப்புவதும் வேண்டாம். கூட்டத்துக்கு வர டேட்டா இல்லாதவருக்கு அந்தப் பதிவைப் பார்க்க மட்டும் எங்கிருந்து டேட்டா வரும்?

வேலைக் குழுவில் காலை வணக்கப் படங்களையும் திருவிழாக் காணொளிகளையும் அறவே நிறுத்தச் சொல்லுங்கள். அன்பால் அனுப்பப்படுபவைதான். ஆனால் தானாகத் தரவிறங்கும் அமைப்பை அணைக்கத் தெரியாத முதியவரின் கைப்பேசியில் அவை வாரம் முழுவதற்குமான டேட்டாவைத் தின்றுவிடும். அடுத்த முறை ஸ்டாங்கர் பக்கம் போகும் யாராவது ஒருவர், ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அந்த அமைப்பை அணைத்துக் கொடுத்துவிட்டு வரட்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

நோட்டுப் பக்கங்களின் படங்களில்தான் உண்மையான எடை இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பினால் பக்கத்துக்கு மூன்று, நான்கு எம்பி. நூறு பக்க நோட்டுக்கு நானூறு எம்பி ஆகிவிடும். வாட்ஸ்அப் தானே சுருக்கினால் எடை குறையும். மங்கிய மை எழுத்து சேர்ந்து மங்கிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை வெட்டி, நீண்ட பக்கம் இரண்டாயிரம் புள்ளி அளவுக்குக் குறைத்து, கோப்பாக அனுப்புங்கள். பக்கம் அரை எம்பிக்குள் அடங்கும், எழுத்தும் தெளிவாக இருக்கும். இன்னும் நல்ல வழி, அச்சிட்டுக் கொடுத்துவிடுவது. டர்பனிலிருந்து ஸ்டாங்கர் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாரந்தோறும் யாராவது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அந்தப் பக்கம் போகாமல் இருப்பதில்லை. மூல நோட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள்.

ஆயாவின் பங்கை இப்படி அமைத்துப் பாருங்கள். அச்சிட்ட பக்கத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து, குரல் பதிவாக அனுப்பட்டும். ஒரு நிமிடக் குரல் சில நூறு கேபிக்குள் அடங்கும். சாட்ஸ்வர்த்தில் ஒருவர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்யட்டும். பழைய கையெழுத்தில் பல இடங்களில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றாகவே இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடாக நிற்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்களுக்கு அந்தக் காலத்து 'லை', 'ணை' வடிவங்களே புதிராக இருக்கும். பாட்டைக் காதால் கேட்டு வளர்ந்தவர்தான் அந்தக் கோடு துணைக்காலா ரகரமா என்று சட்டென்று சொல்வார். பாட்டுக்கு மெட்டும் இருந்தால் பாடியே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் தொகுப்பில் வேறு யாரும் தர முடியாத பகுதியாக அதுவே இருக்கும்.

தட்டச்சு செய்த பக்கத்தை வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் சேர்க்கும் தமிழ் விக்கிமூலத்தில் இந்த முறைதான் நடக்கிறது: படம் ஒரு பக்கம், எழுத்து மறு பக்கம், ஒருவர் மெய்ப்புப் பார்ப்பார், இன்னொருவர் உறுதி செய்வார். இருவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கத் தேவையில்லை, ஒரே நாட்டில் இருக்கவும் தேவையில்லை. சென்னை நண்பர்களுக்கு ஏற்ற வேலை இது. இதற்கும் முன்னோடி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இணையத்தைத் தொட்ட காலத்தில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, மின்னஞ்சலில் கோப்பு அனுப்பி, மெய்ப்புத் திருத்திச் சேர்த்த களஞ்சியம். அவர்களிடம் காணொளிக் கூட்டம் இருக்கவில்லை. சங்க இலக்கியமும் பாரதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு அந்த உழைப்பு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து, பணம். டேட்டாவைக் குழுவின் செலவாக எழுதுங்கள். ஏழைக்கு உதவி என்ற பெயரில் சிலருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அது அவர்களைக் கூசச் செய்யும். தாள், மை, பயணம் போல டேட்டாவும் ஒரு வேலைச் செலவு, தென்னாப்பிரிக்காவில் உள்ள எல்லா உறுப்பினருக்கும் மாதம் இவ்வளவு என்று வையுங்கள். வேண்டாம் என்பவர் விட்டுக்கொடுக்கட்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்காணைய விதிகளின்படி, பண்டிலில் மீதமுள்ள டேட்டாவை அதே நிறுவனத்தின் வேறொரு எண்ணுக்கு மாற்றித் தரலாம். யார் எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தால் போதும். மாதக் கடைசியில் உங்களிடம் வீணாகும் டேட்டா அவர்களுக்குப் போகும். கோயில் அறக்கட்டளையிடமோ தமிழ்ச் சங்கத்திடமோ இதற்காகக் கேட்கத் தயங்காதீர்கள். ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

காணொளிக் கூட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முகம் பார்த்துப் பேசும் மகிழ்ச்சி வேறு எதிலும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வையுங்கள். டோங்காட்டிலோ ஸ்டாங்கரிலோ உள்ள ஒரு கோயில் மண்டபத்திலோ உறுப்பினர் வீட்டிலோ நல்ல இணைப்பு ஒன்றை ஏற்பாடு செய்து, வடகடற்கரைக்காரர்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சேரட்டும். அந்தக் கூட்டத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பாடுங்கள், பேசுங்கள், முடிந்த நோட்டைக் காட்டிக் கொண்டாடுங்கள்.

தொகுப்பில் பெயர் போடும் விஷயத்தை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் நீக்குவது என்றால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். கூட்டத்துக்கு வந்த கணக்கில் பெயர் வரிசை வேண்டாம். ஒவ்வொரு நோட்டின் கீழும் நோட்டைக் காத்த குடும்பம், படித்துச் சொன்னவர், தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர் என்று எழுதுங்கள். படித்துச் சொன்னவர் பெயர் தட்டச்சு செய்தவர் பெயருக்கு முன்னால் வரட்டும்.

இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, அந்த நேரத்தில் ஆயாவுக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஒன்று போடுங்கள். இங்கே அழைக்கிறவருக்குத்தான் செலவு, எடுக்கிறவருக்கு இல்லை, டேட்டாவும் தேவையில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். உங்கள் கையில் உள்ள நோட்டில் படிக்க முடியாமல் நிற்கும் இரண்டு வரிகளை எழுத்தெழுத்தாகச் சொல்லி, இது எந்தப் பாட்டு ஆயா என்று கேளுங்கள். மாலையில் எந்த நேரத்தில் அவர் வீட்டில் மின்சாரம் இருக்கும், வாரத்தில் எந்த நாள் அழைத்தால் வசதி என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.